மகளைக் கொடுக்கப் பார்த்த ஊர்கள்

வில்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். இப்போது வருகிற பிள்ளைகள் பையை இறக்கி வைப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். "ஆன்ட்டி, கோடை லேக் ஓவர்ரேட்டட். பூம்பாறைதான் அண்டர்ரேட்டட்." நான் பிறந்த ஊர் பூம்பாறை. பூண்டு வயலில் குனிந்து குனிந்து என் இடுப்பு போனது அங்கேதான். அதற்கு இப்படி ஒரு பெருமை இருப்பது எனக்குத் தெரியாது. "சரிப்பா, காபி குடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன்.

நாங்கள் ஐரோப்பா போய்வந்த கதையை என் வீட்டுக்காரர் எப்படியாவது அவர்கள் காதில் போட்டுவிடுவார். அப்புறம் விட மாட்டார்கள். பாரிஸ் எப்படி, சுவிஸ் எப்படி, வெனிஸுக்குப் போகலாமா, எது வொர்த், எது வேஸ்ட்? எனக்கு என்று ஒரு கணக்கு உண்டு. ஆனால் அது அவர்களுக்கு உதவாது. நான் அந்த ஊர்களைச் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. இடம் பார்க்கப் போனேன்.

எங்கள் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுப்பதற்கு முன்னால், பெண் வீட்டுப் பெண்கள் நாலு பேர் மாப்பிள்ளையின் ஊருக்கு ஒருமுறை போய்வருவார்கள். மாப்பிள்ளையை ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள். பெண்கள் பார்ப்பது ஊரை. தண்ணீர் எவ்வளவு தூரம், மழைக்குப் பாதை வழுக்குமா, இருட்டின பிறகு ஒரு பெண் தனியாக நடந்து வர முடியுமா, இதெல்லாம் பார்க்க வேண்டும். கேட்டால் பொய் சொல்வார்கள் என்பதால் கேட்பது கிடையாது. மாப்பிள்ளை வீட்டில் காபி குடிப்பார்கள். ஆனால் தண்ணீரை மட்டும் பக்கத்து வீட்டில் போய்க் கேட்பார்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி செம்பை நீட்டுகிற விதத்திலும் வாய் திறக்கிற விதத்திலும் பாதி விஷயம் தெரிந்துவிடும். என் அக்காவுக்கு ஒட்டன்சத்திரத்தில் ஒரு வசதியான இடம் வந்தது. மார்க்கெட்டுக்குப் போகிற லாரிகள் விடிய விடிய வாசலில் நிற்கின்றன, பிள்ளை தூங்க முடியாது என்று திருப்பிவிட்டார்கள். எனக்கு வில்பட்டி பார்க்க வந்தது என் பெரியம்மா. "தண்ணி பரவால்ல, பக்கத்து வீட்டுல வாய்தான் சாஸ்தி" என்று சொல்லிச் சம்மதித்தாளாம். அந்த வாய் இன்றைக்கும் குறையவில்லை.

என் மகள் நர்ஸ். திண்டுக்கல்லில் படித்து முடித்து, ஜெர்மன் பாஷையும் கற்றுக்கொண்டு, அங்கே ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரு நாள் போனில் சொன்னாள். "அம்மா, இங்கயே நெரந்தரமா இருந்துக்கலாம்னு இருக்கு. எழுதிக் குடுக்கணும். நீ சரின்னு சொன்னாத்தான் எழுதிக் குடுப்பேன்."

இருக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் ஒரு வாரம் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். இவள் என்னிடம் கேட்டுவிட்டாள். பார்க்காமல் எப்படிச் சொல்வது? "ஊரக் காட்டு, சொல்றேன்" என்றேன். வேறு என்ன சொல்வதென்று எனக்கு அப்போது தெரியவில்லை. அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டாள்.

அதிலேயே முதல் தகராறு வந்தது. நான் பார்க்க வேண்டியது அவள் இருக்கிற ஊரை. அவள் போட்ட திட்டத்திலோ பாரிஸ், சுவிட்சர்லாந்து, வெனிஸ் எல்லாம் சுற்றி முடித்து, மிச்சமிருக்கிற நாளில்தான் அவள் ஊர். "அங்க பாக்க ஒண்ணும் கெடையாதும்மா. ஊர் பேரச் சொன்னா ஜெர்மன்காரங்களே அது எங்க இருக்குன்னு கேப்பாங்க" என்றாள். என் வீட்டுக்காரர் உடனே மகள் கட்சியில் சேர்ந்துகொண்டார். அவர் கோடை டவுனில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். எங்கள் ஊர் வேன்காரர்களுக்கு உலகமே பாயிண்ட்தான். தூண்பாறை ஒரு பாயிண்ட், பைன் காடு ஒரு பாயிண்ட். இறக்கிவிட வேண்டும், போட்டோ எடுக்க விட வேண்டும், ஏற்றிக்கொண்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். "அம்புட்டுத் தூரம் போயி பாயிண்ட் பாக்காம வந்தா, ஸ்டாண்டுல எவன் என்னைய மதிப்பான்?" என்றார். இரண்டுக்கு ஒன்று, நான் தோற்றேன்.

பாரிஸ் கோபுரம் உயரம்தான், அழகுதான், நான் மறுக்கவில்லை. அதன் அடியில் நின்றுகொண்டு என் வீட்டுக்காரர், "இம்புட்டுக் கூட்டத்துக்கு வண்டியெல்லாம் எங்கன நிப்பாட்டுறான்?" என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். என் கவலை வேறு. பக்கத்தில் ஒரு காபிக் கடைக்குப் போனோம். அங்கே இருந்த பெண் எங்களைப் பார்த்ததும் தலையைச் சாய்த்து, குரலைக் கொஞ்சம் ஏற்றி, இனிக்க இனிக்க வரவேற்றாள். "பாத்தியாம்மா, என்னா மரியாதை" என்றாள் மகள். எனக்கு அந்தக் குரலைத் தெரியும். அது என் குரல். மாடி அறைக்கு ஆள் வந்ததும், "வாங்க வாங்க, மலை ஏறயில வாந்தி கீந்தி வரலைல்ல?" என்று நான் கேட்பது அந்தக் குரலில்தான். உள்ளே பால் பொங்கிக்கொண்டிருக்கும், இடுப்பு விண் விண் என்று தெறிக்கும், குரல் மட்டும் தேனாக வரும். கடையை விட்டு வெளியே வந்து கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஒரு காலில் நின்றுகொண்டு மற்றக் காலைச் செருப்பிலிருந்து கழற்றி நீவிக்கொண்டிருந்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் அந்த ஊரில் நான் பார்த்ததெல்லாம் அந்த ஒரு குரல்தான், கடைக்குக் கடை அதே குரல். தண்ணீர் கேட்க ஒரு பக்கத்து வீடு அகப்படவில்லை. பாரிஸுக்குப் பெண் கொடுக்க முடியாது என்று முடிவு கட்டினேன்.

அடுத்தது சுவிட்சர்லாந்து. என் வீட்டுக்காரர் வேனில் ஏறுகிற எல்லோரிடமும், ஏரி கண்ணில் பட்டதும், "சார், இதுதான் தென்னாட்டு சுவிட்சர்லாந்து" என்று சொல்லியே காலத்தை ஓட்டியவர். அசல் சுவிட்சர்லாந்துக்குள் ரயில் நுழைந்ததும் மனிதருக்குப் பேச்சே வரவில்லை. ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். எனக்குப் பயமாகிவிட்டது.

"என்னங்க, ஒடம்புக்கு முடியலையா?"

"அதெல்லாம் இல்ல" என்றார். "நம்ம ஊரு கொஞ்சம் கம்மிதான். ஆனா நான் ரொம்பப் பெரிய பொய்யாச் சொல்லிப்புடல."

மலை உச்சிக்குப் பல்சக்கர ரயிலில் ஏறிப் போனால், மேலே ஒரே வெள்ளை. மேகம் அடைத்துக்கொண்டு ஒரு மலையும் தெரியவில்லை. காசைக் கொட்டி வந்தவர்கள் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். இவருக்கு மட்டும் அப்போதுதான் உயிர் வந்தது. தூண்பாறையில் மூடுபனிக்கு முன்னால் எத்தனை கூட்டத்தைச் சமாளித்தவர்! கம்பி ஓரமாக நின்றுகொண்டு, எந்த நாட்டுக்காரர்கள் என்றே தெரியாத ஒரு கூட்டத்திடம், "வெயிட், வெயிட். பைவ் மினிட்ஸ். தெறந்துரும்" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர்களும் நம்பி நின்றார்கள். மகள் வெட்கத்தில் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கடைசிவரை திறக்கவில்லை. ஆனாலும் இறங்கும்போது அந்தக் கூட்டத்தில் ஒரு பெரியவர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். எங்கள் ஊரிலும் பாதி நாள் இப்படித்தான் சிரிக்கச் சிரிக்கப் பேசி வெறுங்கையோடு அனுப்பி வைக்கிறோம்.

சுவிட்சர்லாந்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பார்க்கப் பார்க்கச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன மாதிரிதான் இருந்தது. பணக்காரச் சொந்தம், அவ்வளவுதான். டீ விலையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, இங்கே பெண்ணைக் கொடுத்தால் பிறகு நம்மை மதிக்க மாட்டார்கள்.

வெனிஸில்தான் மனசு கஷ்டமாகிவிட்டது. தெருவெல்லாம் தண்ணீர், ஆட்கள் படகில் போகிறார்கள் என்பது எல்லோரும் வீடியோவில் பார்த்ததுதான். நான் தண்ணீரைப் பார்க்கவில்லை, மாடிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு ஊரில் ஆள் இருக்கிறதா என்று தெரிய, காயப்போட்ட துணியைப் பார்த்தால் போதும். சந்து சந்தாகப் போனோம். ஜன்னல்கள் சாத்திக் கிடந்தன. கொடிகள் வெறுமனே கிடந்தன. கதவோரங்களில் நம்பர் வைத்த சின்னச் சின்னப் பூட்டுப் பெட்டிகள் தொங்கின. அந்தப் பெட்டி எனக்குப் பழக்கம். வாடகைக்கு வருகிறவர்கள் தாங்களே சாவியை எடுத்துக்கொள்வதற்கு வைப்பது. எங்கள் கேட்டிலும் ஒன்று தொங்குகிறது.

"வீட்டுக்காரங்கல்லாம் எங்க பாப்பா?" என்று கேட்டேன்.

"நெறையப் பேரு வெளியூர் போயிட்டாங்கம்மா. இங்க வாடகை கட்டுப்படியாகாது. வெள்ளனே வேலைக்கு வந்துட்டு சாயங்காலம் பஸ் ஏறிப் போயிருவாங்க."

கோடை டவுனில் சோலியை முடித்துவிட்டு வில்பட்டி பஸ்ஸுக்கு முண்டியடிக்கிற கூட்டத்தில் நானும் ஒரு காலத்தில் நின்றிருக்கிறேன். வெனிஸ் மேல் எனக்குத் திடீரென்று பாசம் வந்துவிட்டது. ஓவர்ரேட்டட் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், எனக்கு அதன் மேல் கோபமில்லை. ஊரிடம் ஒரு குறையும் இல்லை, ஊர்க்காரர்கள்தான் இல்லை. ஆளில்லாத ஊருக்குப் பெண்ணை எப்படிக் கொடுப்பது?

கடைசியாக அவள் ஊர். எங்களோடு சேர்த்து ரயிலிலிருந்து இறங்கியது ஒரு கைப்பிடி ஆட்கள்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் புகைபோக்கி, ஒரு ரொட்டிக்கடை, சாம்பல் நிற வீடுகள், கலங்கலாக ஓடுகிற ஒரு ஆறு. மகள் ரயிலடியிலிருந்தே மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு நடந்தாள். என் வீட்டுக்காரர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "ஒரு வியூ பாயிண்டாச்சும் இருக்கா பாப்பா?" என்றார். அவள் யோசித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்துகிற மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அங்கிருந்து பார்த்தாலும் அந்தப் புகைபோக்கிதான் தெரிந்தது. அவர் அதையும் விடாமல் போட்டோ எடுத்துக்கொண்டார்.

நான் என் வேலையை ஆரம்பித்தேன். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். கடை பக்கம். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம், வழியெல்லாம் விளக்கு இருக்கிறது. பஸ் சொன்ன நேரத்துக்கு வருகிறது. எல்லாம் சரிதான். ஆனால் எதிரே வருகிறவர்கள் லேசாகத் தலையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். நின்று ஒரு வார்த்தை பேசுகிற ஆளைக் காணோம். கீழ் வீட்டில் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கட்டுமா என்று மகளிடம் கேட்டேன். அவள் பதறிப் போனாள். "அய்யோ, வேணாம்மா! அந்தம்மா ஒரு மாதிரி. வயசாயிருச்சு, ஒத்தைல கெடக்கு. எதுக்கெடுத்தாலும் கத்தும்."

மறுநாள் அவள் டூட்டிக்குப் போன பிறகு ஜன்னலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பிள்ளை காய்ச்சலில் படுத்தால் யாருக்குத் தெரியும்? எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் யார் வந்து கதவைத் தட்டுவார்கள்? வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். சொல்லத்தான் வாய் வரவில்லை. அவள் ராத்திரி வந்து, கால் வீங்கிப்போய் உட்கார்ந்துகொண்டு, "ஊரு எப்பிடிம்மா?" என்று கேட்டபோது, "பாப்போம்" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது பளீரென்று வெயில். இது மலையில் வளர்ந்தவர்களுக்குத்தான் புரியும். எங்கள் ஊரில் வாரக்கணக்கில் தூறிவிட்டு ஒரு நாள் வெயில் எட்டிப் பார்த்தால், வீட்டு வேலை போட்டது போட்டபடி கிடக்கும். கம்பளி, மெத்தை, ஸ்வெட்டர் என்று அள்ளிக்கொண்டு எல்லோரும் வெளியே ஓடுவோம். பாறையோ வேலியோ கேரட் வயல் வரப்போ, கிடைத்த இடத்தில் விரித்துவிடுவோம். யார் வீட்டு வேலி என்று யாரும் கேட்பதில்லை. வெயிலைப் பார்த்துவிட்டால் என் கை என் பேச்சைக் கேட்காது. மகள் குளித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மெத்தை விரிப்பு, தலையணை, போர்வை, இரண்டு ஜெர்கின் எல்லாவற்றையும் கீழே கொண்டுபோய், வீட்டு முன்னால் சீராக வெட்டி விட்டிருந்த வேலிச் செடி மேல் விரித்தேன். என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு துடைப்பக் கம்பைக் கொண்டுவந்து கொடுத்தார். போர்வையை அடிக்க ஆரம்பித்தேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

கீழ் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட, என்னைவிடக் குள்ளமான ஒரு அம்மா வெளியே வந்தார். போர்வையைக் காட்டினார், செடியைக் காட்டினார், கைக்கடிகாரத்தைக் காட்டினார். பாஷை தெரியாவிட்டால் என்ன, திட்டு புரியாதா? எனக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் வார்த்தை நன்றி. அதைச் சொன்னேன். அவருக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது.

மகள் ஈரத் தலையோடு மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் வீட்டில் குரல் உயர்த்தாத பிள்ளை. பள்ளிக்கூடத்தில் யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் பதில் சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்து அழுகிற பிள்ளை. அந்தப் பிள்ளை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, ஜெர்மனில் சரிக்குச் சரி சண்டை போட்டது. அந்தம்மா ஒன்று சொன்னால் இவள் இரண்டு சொன்னாள். அவர் மாடிப்படியைக் காட்டினார், இவள் அவர் வீட்டு ரேடியோவைக் காட்டினாள். பேச்சு குப்பைத்தொட்டி வரைக்கும் போயிற்று. எதிர்வீட்டு ஜன்னலைத் திறந்து ஒருவர் வேடிக்கை பார்த்தார். எனக்கு வில்பட்டிக் குழாயடியில் நிற்கிற மாதிரியே இருந்தது.

"என்ன பாப்பா சொல்லுது?" என்றேன்.

"இரும்மா!" என்று என்னை அடக்கிவிட்டு, இன்னும் ஒரு சுற்றுப் பேசி முடித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். "ஞாயித்துக்கெழம இங்க சத்தம் போடக் கூடாது, துணி காயப் போடக் கூடாது. சரி, அது ஞாயந்தான். அதோட விடுதா? நைட் டூட்டி முடிச்சு வந்து கீழ்க் கதவச் சாத்தலையாம். குப்பையத் தொட்டி மாத்திப் போட்டேனாம். பனி விழுந்தப்ப வழுக்காம இருக்க வாசல்ல உப்பு போடுறது என் மொறையாம், போடலையாம். அன்னைக்கு எனக்கு டபுள் டூட்டிம்மா! பெறகு, ஈரத் தலையோட வெளிய வராதேன்னு எத்தன தடவ சொல்றது, குளிர்காலத்துல காய்ச்சல்ல கெடந்தது மறந்துபோச்சான்னு கேக்குது."

"காய்ச்சல்ல கெடந்தியா?"

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்னிடம் அதை மறைத்திருக்கிறாள். "லேசாத்தாம்மா."

"அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"மேல நான் நடக்குற சத்தமே கேக்கலைன்னு வந்து கதவத் தட்டுச்சு. சூப்பு கொண்டாந்து குடுத்துச்சு. பெறகு, பாத்திரத்த வெரசாத் திருப்பித் தரலைன்னு அதுக்கும் ஒரு திட்டு."

நான் அந்தம்மாவைப் பார்த்தேன். அவருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். சுற்றுலா வந்தவர்களை யாரும் திட்ட மாட்டார்கள், இது என் தொழில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. மாடி அறைக்கு வருகிறவர்கள் சுவரில் கிறுக்கினாலும், விடிய விடியக் கூத்தடித்தாலும், நான் சிரித்த முகத்தோடுதான் வழியனுப்புகிறேன். அவர்கள் நாளைக்குப் போய்விடுவார்கள், எதற்கு வம்பு? நாம் வாயைத் திறந்து திட்டுவது, நம்மோடு இருக்கப் போகிறவர்களை. இத்தனை ஊர் சுற்றியும் என்னிடம் தேன் குரலில் பேசாத முதல் மனுஷி இவர்தான். என் மகளின் ஒரு குளிர்காலத்துக் குற்றம் அத்தனையும் இவர் நினைவில் இருக்கிறது. போர்வையை மடித்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவரைப் பார்த்துக் கும்பிட்டேன். அவர் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. செடியில் ஒடிந்த கிளையைக் காட்டி இன்னொரு தடவை திட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். என் பெரியம்மா உயிரோடு இருந்திருந்தால் அங்கேயே தாம்பூலம் மாற்றியிருப்பாள்.

அந்தச் சந்தோஷம் மத்தியானம் வரைக்கும்தான் நின்றது. சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் உறைத்தது. மோசமான ஊர் என்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். இது என் மகளின் ஊர் என்று தெரிந்துபோயிற்று, இனி என்ன செய்ய முடியும்?

சாயங்காலம் ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சில் அவளும் நானும் உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளிப் பாலத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அவள் கேட்க வந்து கேட்க வந்து பேச்சை மாற்றிக்கொண்டிருந்தாள். நானே சொன்னேன்.

"எழுதிக் குடு பாப்பா. நல்ல எடம்."

துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால் அவள் முகம் வாடிப் போயிற்று. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. நீ வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சேன்."

"சொன்னா வந்துருவியா?"

அவள் யோசித்தாள். முகத்துக்கு நேரே பொய் சொல்ல வராத பிள்ளை. "மாட்டேன்மா."

"பெறகு என்னத்துக்குடி கேட்டே?"

"நீ ஒரு தடவயாச்சும் கூப்பிடணும்ல. நான் இங்க வந்ததுலருந்து வந்துருன்னு நீ ஒரு தடவ கூடச் சொல்லலம்மா."

சொன்னால் பிள்ளை மனசு தடுமாறிவிடும், வேலையில் நிற்க முடியாது என்று நான் பயந்தேன். போனில் நாக்கு நுனி வரைக்கும் வரும். அதை விழுங்கிவிட்டுச் சாப்பிட்டியா, குளிரா இருக்கா என்று கேட்பேன். அந்த ஒரு சொல்லுக்கு அவள் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். "வந்துரு பாப்பா" என்றேன். "வீட்டுக்கு வந்துரு. மாடி ரூமுல ஒண்ண உனக்கு ஒழிச்சுத் தாரேன். நீ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது."

அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, "வர மாட்டேன்மா" என்றாள்.

"சரி" என்றேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு தடவ கூப்பிடு" என்றாள்.

கூப்பிட்டேன்.